யாரும் பேசாத நாற்பது விநாடி

மைக்கை நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஊருக்கெல்லாம் தமிழில் படம் சொன்ன என் அப்பாவுக்கு,

வீட்டு விஷயத்தைத் தெருவில் பேசுவது உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. பள்ளி ஆண்டு மலரில் என் பெயரைப் போட்டதற்கே இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் நான். இருந்தும் இதை எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த மாடி ஹாலில் உங்கள் குரலைக் கேட்டவர்கள் நாற்பது பேராவது இன்னும் பாளையங்கோட்டையில் இருப்பார்கள். அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். எழுதலாமா என்று கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலிதான் விட்டுவிட்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் வாசல் கதவைத் திறந்துபோட்டு, அரைச் செங்கல்லை முட்டுக்கொடுத்து, எதிரே நாற்காலி போட்டு மதியம் வரை உட்கார்ந்திருப்பீர்களே, அந்த வழக்கம் உங்களோடு போயிற்று. "தெருத் தூசி பூரா வீட்டுக்குள்ள" என்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் புலம்பிய அம்மா இப்போது கதவைச் சாத்திவிடுகிறாள். செங்கல் குரோட்டன்ஸ் தொட்டிக்கு அடியில் இருக்கிறது.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் வீட்டில் நடந்தது. அது முடிந்ததும் ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் வந்தார்கள். ஜெராக்ஸ் கடை அண்ணாச்சிதான் இப்போதும் செயலாளர். "சாருக்கு ஜெபம் மட்டும் பத்தாது தாயி. ஒரு படம் போடணும்" என்றார். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "அந்த ஆத்துப் படம். சார் கடைசியாச் சொன்னது."

உங்களைக் கேட்டிராதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ஏதாவது ஒரு தேசத்துப் படம் போடுவார்கள். அடியில் ஆங்கிலத்தில் வரிகள் ஓடும். வந்து உட்காருகிற பஸ் டிரைவருக்கும் பலசரக்குக் கடைக்காரருக்கும் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். கணக்கு வாத்தியாரான நீங்கள் திரைக்கு இடது பக்கம் ஒரு பென் டார்ச்சும் நோட்டுமாக நின்று, ஒவ்வொரு வரியையும் மைக்கில் தமிழில் சொல்வீர்கள். அதற்காக முன்கூட்டியே மூன்று தடவை படத்தைப் பார்த்து, முழுவதையும் நோட்டில் எழுதி வைத்திருப்பீர்கள். உலகத்தில் உள்ள சனமெல்லாம் உங்கள் வாயில் திருநெல்வேலித் தமிழ்தான் பேசினார்கள். ஒரு படைத்தளபதி, "ஏலே, பாலத்தை உடைங்கலே" என்று ஆணையிட்டபோது ஹால் சிரித்ததா கைதட்டியதா என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆற்றுப் படத்தில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. நடுவில் ஆறு. இரண்டு கரையிலும் இரண்டு படை. இந்தக் கரையில் படகுத்துறைக்காரரின் மகள். அந்தக் கரைச் சிப்பாய் ஒருவன் காலில் குண்டடி பட்டு இவர்கள் வைக்கோல் கொட்டகையில் ஒளிந்துகொள்கிறான். அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை; கால் தேறியதும் அவனோடு அந்தக் கரைக்குப் போய்விடுகிறாள். மூன்று மாதம் கழித்துச் சண்டை ஒரு வாரம் ஓய்கிறபோது, கல்யாணம் செய்துகொண்டு, அவனோடு ஆற்றைக் கடந்து அப்பாவைப் பார்க்க வருகிறாள். பட்டப்பகல். கதவு சாத்தியிருக்கிறது. தட்டுகிறாள். உள்ளேயிருந்து கிழவரின் குரல் மட்டும் வருகிறது. கேமரா கடைசிவரை வீட்டுக்குள் போவதே இல்லை. பிறகு நாற்பது விநாடி சாத்திய கதவு, பேச்சில்லை. அவர்கள் திரும்பி, கைகோத்து, ஓடாமல், மெதுவாக ஆற்றில் இறங்கி நடக்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

இந்தத் தடவை சொல்வதற்கு நீங்கள் இல்லை. திரையில் தமிழ் எழுத்து ஓடட்டும் என்று முடிவானது. அந்த வேலை எனக்கு. உங்கள் நோட்டு இருப்பதால் சுலபம் என்று நினைத்தேன்.

கதவு வரும் இடம் வரை சுலபமாகத்தான் இருந்தது. கிழவர் சொல்வது ஒரே வரி. அதை நீங்கள் நோட்டில் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள், அடித்தல் திருத்தல் இல்லாமல். "எனக்கு மகள் கிடையாது. போயிருங்க."

ஆனால் அன்றைக்கு நீங்கள் சொன்னது அது இல்லை அப்பா. எனக்குப் பன்னிரண்டு வயது. முன்வரிசையில் இடது ஓரத்தில், உங்கள் செருப்புக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். கிழவரின் குரல் வந்தது. நீங்கள் வாயைத் திறக்கவில்லை. வரி தவறிவிட்டதோ என்று நிமிர்ந்து பார்த்தேன். டார்ச் அணைந்திருந்தது. பிறகு, யாருமே பேசாத அந்த நாற்பது விநாடிக்குள், மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னீர்கள்:

"எம்மா, உள்ள ஆளுக நிக்காங்க. கதவைத் திறந்தா உங்க ரெண்டு பேரையும் விடமாட்டாங்க. நான் கதவை மறிச்சு நிக்கேன். திரும்பிப் பாக்காம பைய நடந்து ஆத்தைத் தாண்டிரு. ஓடாத. ஓடுனா விரட்டுவாங்க."

ஹாலில் ஒரு ஆள் செருமவில்லை. அந்தப் பெண்ணும் அவனும் பைய நடந்தார்கள். நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் நடக்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அடுத்த மாதம் தொண்டை சரியில்லை என்றீர்கள். அதன்பிறகு நீங்கள் மைக்கைத் தொடவே இல்லை.

லேப்டாப்பில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். எழுத்து போடுவதற்கு ஒரு விதி உண்டு. யாராவது பேசினால்தான் வரி போடலாம். பேசாத இடத்தில் போட்டால் பார்க்கிறவர்கள் யார் வாயைத் தேடுவார்கள்? உங்கள் வார்த்தைக்கு அந்தப் படத்தில் இடமே கிடையாது. பின்னே எங்கேயிருந்து கொண்டுவந்தீர்கள்?

நோட்டின் பின்னட்டையில் பென்சிலால் ஒரு செல்போன் எண். பக்கத்தில் 'களக்காடு' என்று மட்டும் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்க அத்தை அங்கனதான் இருக்கான்னு கேள்வி" என்றாள். "நான் கல்யாணமாகி வந்தப்ப இந்த வீட்டுல அவ பேச்சே கிடையாது. நானும் கேக்கல."

அத்தையை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உங்கள் அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே கறுப்புக் குடையோடு ஒரு பெண் நின்றாள். யார் என்று கேட்டேன். "ஆருமில்ல, நட" என்றார் சித்தப்பா.

அந்த எண்ணைக் கூப்பிட்டேன். அடுத்த வாரம் களக்காட்டுக்கு பஸ் ஏறினேன். ஒன்றரை மணி நேரம்தான் அப்பா. நீங்கள் அந்த பஸ்ஸில் ஒரு தடவைகூட ஏறவில்லை.

வாழைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன வீடு. அத்தைக்கு உங்கள் நெற்றி. மாமா தோட்டத்திலிருந்து இலைக்கட்டோடு வந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் இலைக்கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "முப்பது வருசத்துல உங்க வீட்டுலேருந்து வந்த முதல் அழைப்பு. அதுவும் சினிமாவுக்கு."

"நீங்க சும்மா இரிங்க" என்றாள் அத்தை. பிறகு என்னிடம், "எந்தப் படம்?" என்றாள். ஆற்றுப் படம் என்றேன்.

எனக்குச் சோறு போட இலையைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "அதை நான் பாத்திருக்கேன்" என்றாள்.

அன்றைக்கு அத்தை வந்திருந்தாள், அப்பா. கண் ஆஸ்பத்திரிக்காகப் பாளையங்கோட்டை வந்தவள், சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசில் தமிழில் சொல்பவர் என்று உங்கள் பெயரைப் பார்த்திருக்கிறாள். படம் பாதி ஓடியபோது மழையோடு உள்ளே நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது. நடுப்படத்தில் கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. யாரோ குடையை மடக்கினார்கள். உங்கள் குரல் ஒரு மூச்சு நேரம் நின்று மறுபடி தொடங்கியது. நோட்டில் வரியைத் தொலைத்துவிட்டீர்கள் என்று அப்போது நினைத்தேன்.

பிறகு அத்தை தன்னுடைய கதவைப் பற்றிச் சொன்னாள். உங்கள் ஊரும் மாமாவின் ஊரும் தாமிரபரணியின் இரண்டு கரை. எந்த ஊர், என்ன சாதி என்று நான் எழுதப்போவதில்லை; எழுதாமலே இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே கர்த்தரைக் கும்பிடுகிறவர்கள் என்பதைச் சேர்த்துக்கொண்டால் போதும். அந்த வருஷம் இரண்டு ஊருக்கும் வெட்டுக்குத்து. ஆற்றுத்துறையில் போலீஸ் கூடாரம். அந்த வருஷத்தில்தான் அத்தை டவுன் பஸ்ஸில் பழகிய மாமாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மூன்று மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்துக்கு, ஆசீர்வாதம் வாங்கலாம் என்று இருவரும் ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறார்கள்.

"கதவைத் தட்டுனேன். உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுட்டு இருந்துச்சு. டக்குனு நின்னுட்டு. அண்ணன் கதவுக்குப் பக்கத்துலதான் நின்னான். அவன் மூச்சு விடுதது கேக்கு எனக்கு. 'எங்க வீட்ல அப்படி ஒருத்தி கிடையாது, போ' ன்னான். வேற யார் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன்."

மாமா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடிருவோம்னு இழுத்தேன். உங்க அத்தைக்குக் கால் வரல. பையத்தான் நடந்தோம்."

நான் கிளம்பும்போது அத்தை சொன்னாள்: "படத்துக்கு வாரேன். அந்தப் பெரியவர் கதவுக்குப் பின்னால நின்னு மககிட்டப் பேசுவாருல்லா, உள்ள ஆளுக நிக்காங்க, ஓடாதன்னு. அதை இன்னொரு தடவை கேக்கணும்."

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. அவள் கேட்க வருவது படத்தில் இல்லை. உண்மையான வரியைப் போட்டால், மறுபடியும் அதே கதவுக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தி, அதே சொல்லை எல்லோர் முன்னாலும் எழுத்தில் காட்டுவேன். உங்கள் வரியைப் போட்டால், பொய் சொல்வேன். உங்கள் பெயரால் நடக்கும் கூட்டத்தில், படத்தில் இல்லாததைப் படத்தின் பேச்சாகக் காட்டி.

சித்தப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அம்மாவைப் பார்க்கத் தினமும் வருகிறவர், அன்று சாயங்காலம் மீன் பையோடு வந்து, அதை அம்மாவிடம் கொடுத்து அடுப்படிக்கு அனுப்பிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"அவளைக் கூப்பிட்டியாமே."

"ஆமா சித்தப்பா."

"ஆர்கிட்டக் கேட்டுக் கூப்பிட்ட?"

"அப்பா நோட்டுல நம்பர் இருந்துச்சு."

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு வேறு குரலில் கேட்டார்: "அந்தப் படத்துல கதவு வாற இடத்துல அண்ணன் என்னமோ உருக்கமாச் சொன்னான்னு அண்ணாச்சி கடையில பேசுதாங்க. என்னட்டி சொன்னான்?"

சொன்னேன். நீங்கள் சொன்னபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல். 'கதவை மறிச்சு நிக்கேன்' என்ற இடத்தில் சித்தப்பா எழுந்து அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் உள்ள நின்னேன்" என்றார். "பத்தொம்பது வயசு. எங்கம்மா கூடப்பொறந்த மாமாமார் ரெண்டு பேரும் நானும். எங்கக்கா குரல் கேட்டதும் மூலையில இருந்த அரிவாளை எடுத்தது மாமாமார் இல்ல. நாந்தான். உங்கப்பன் குறுக்கப் பாஞ்சு கதவுல முதுகைக் குடுத்து நின்னான். என்னை வெட்டிட்டுப் போலேன்னு கண்ணு சொல்லுது. வாய் அவளை இல்லேன்னு சொல்லுது. அப்படிச் சொன்னாத்தான் மாமாமார் அடங்குவாங்கன்னு அவனுக்குத் தெரியும். அவங்க போன பெறகும் அரை மணி நேரம் அவன் கதவை விட்டு நகரல."

அடுப்படியில் அம்மா மீனை அலசும் சத்தம் கேட்டது.

"அண்ணன் மறிக்கலைன்னா நான் இன்னைக்கு எங்கன இருப்பேன்? அதுக்கு நான் ஒரு நாளும் அவன்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. அவனும் கேட்டதில்ல." என் முகத்தைப் பார்த்தார். "அவகிட்டச் சொல்லாத. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு. அதுக என்னைப் பாக்குத பார்வை மாறிரும். வாக்குக் குடு."

கொடுத்தேன், அப்பா.

அதன்பிறகு உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது? நீங்கள் கொலையைத் தடுத்தீர்கள். சரி. அதற்கப்புறம் வந்த வருஷங்கள்? தம்பியைக் காட்டிக்கொடுக்காமல் தங்கையிடம் உண்மையைச் சொல்ல வழி தெரியாமல், எவனோ ஒரு தேசத்துக்காரன் படம் எடுக்கும் வரைக்கும் காத்திருந்தீர்களா? அவள் குடையை மடக்கி உட்காராமல் போயிருந்தால்? நோட்டில் எழுதிய எண்ணை ஒரு தடவையாவது அழுத்தினீர்களா, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டீர்களா?

இரண்டு கோப்புகள் தயார் செய்தேன். ஒன்றில் கிழவரின் வரி. இன்னொன்றில் உங்களுடையது. சனிக்கிழமை ஹாலுக்குப் போகும்வரை எதைப் போடுவது என்று எனக்குத் தெரியாது.

களக்காட்டு பஸ்ஸுக்கு வசதியாக நாலு மணிக்கே படம். அறுபது பேர் வந்தார்கள். திரைக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் உங்கள் பழைய மைக்கை வைத்திருந்தார் அண்ணாச்சி. அம்மா முன்வரிசையில். சித்தப்பா வாசலுக்குப் பக்கத்தில், எழுந்துபோக வசதியாக. விளக்கை அணைக்கப்போகும்போது அத்தையும் மாமாவும் வந்து கடைசி வரிசையில், நான் லேப்டாப் வைத்திருந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அத்தை திரும்பி என் கையைத் தொட்டாள். சித்தப்பா திரும்பவில்லை. அவர் பிடரி மட்டும் விறைத்தது.

கிழவரின் வரி இருந்த கோப்பைத் திறந்தேன். யோசித்து எடுத்த முடிவு என்று சொன்னால் அது பொய். ஸ்டூலின்மேல் இருந்த மைக்கைப் பார்த்ததும் கோபம் வந்தது. நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டியதை நான் ஏன் உங்களுக்காகத் திரையில் ஓட்ட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

ஒன்றே முக்கால் மணி நேரம். கொட்டகை வந்தது. ஆறு வந்தது. அவர்கள் ஆற்றைக் கடக்கத் தொடங்கியபோது என் விரல் விசைப்பலகைமேல் இருந்தது; இப்போதுகூடப் படத்தை நிறுத்திவிடலாம், மின்சாரம் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். அவள் கதவைத் தட்டினாள். கிழவரின் குரல். வெள்ளை எழுத்து வந்தது.

எனக்கு மகள் கிடையாது. போய்விடுங்கள்.

அத்தையின் முதுகு அசையவில்லை. எழுத்து மறைந்தது. சாத்திய கதவு மட்டும் இருந்தது. ஐந்து விநாடி. பத்து விநாடி. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

இருட்டில் அண்ணாச்சியின் குரல் கேட்டது. "இங்கன சார் ஒண்ணு சொல்லுவாவளே. காணலியே."

"சும்மா இரும்வே, படத்தைப் பாரும்" என்றார் யாரோ.

"இல்லவே. ஆளுக நிக்காங்க, ஓடாதன்னு சொல்லுவாவ. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நமக்கும்தான் இருக்கு. படத்துல இல்லைன்னா என்ன செய்ய? வாத்தியாரே சேத்திருப்பாரு."

கதவு அப்படியே நின்றது. பிறகு இருவரும் திரும்பி ஆற்றை நோக்கி நடந்தார்கள்.

விளக்கு வந்ததும் அத்தை நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள். கண் காய்ந்திருந்தது. "ஏட்டி. அண்ணன் சொன்னது படத்துல இல்லையா?"

"இல்ல அத்தை."

"அப்ப அது ஆரு பேச்சு?"

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் கண் வாசல் பக்கம் போய்விட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அத்தை என் கண் போன வழியே பார்த்தாள்.

"ஏலே சின்னவனே" என்றாள்.

முப்பது வருஷமாக அந்தப் பெயரில் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. சித்தப்பா எழுந்து நின்றார், வகுப்பில் வாத்தியார் பெயர் சொன்ன பையனைப் போல. அவர் கை கதவின் கைப்பிடியில் இருந்தது. இழுத்திருந்தால் படிக்கட்டு.

"அன்னைக்கு உள்ள ஆருலே நின்னா?"

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அண்ணாச்சி வயரைச் சுற்றுவதைப் பாதியில் விட்டார்.

"மாமாமார்" என்றார் சித்தப்பா. கைப்பிடியை விட்டார். "பெறகு நான்."

"சும்மாவா நின்னீங்க?"

அவர் தலையை இல்லை என்று ஆட்டினார்.

"அண்ணன்?"

"கதவுல முதுகை வச்சு நின்னான்க்கா. என்னைத் திறக்க விடல."

மாமா குனிந்து தன் கைகளைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நல்ல கதவு அது. தேக்கு." யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லோரும் மூச்சுவிட்டார்கள்.

அத்தை என்னிடம்தான் பேசினாள். "அந்தப் பெரியவர் எவ்வளவு நல்ல மனுசன், எங்கண்ணன் அப்படி இல்லாமப் போயிட்டானேன்னு பதினாலு வருசம் நினைச்சிட்டுக் கெடந்தேன். ஒரு சினிமாக்காரனைப் பாத்துப் பொறாமைப்பட்டிருக்கேன் பாரு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கண்ணன் சொன்னதா அது. அவன்தானா."

நான் இரண்டு கோப்பு வைத்திருந்தேன் என்றேனே. உங்கள் வரியைப் போட்டிருந்தால் அது அந்தக் கிழவருடையதாகவே போயிருக்கும். அத்தை நிம்மதியாகக் கேட்டுவிட்டு, பொறாமையோடு பஸ் ஏறியிருப்பாள். இதை எனக்கு முன்கூட்டித் தெரிந்தது போலச் சொல்லிக்கொள்ள ஆசைதான். தெரியாது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மாமா எழுந்தார். அத்தை அம்மாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பாவைக் கடக்கும்போது அவள் நிற்கவில்லை. அவர் வழிவிட்டு ஒதுங்கிச் சுவரோடு நின்றார். இரண்டு பேரும் படியிறங்கினார்கள், பைய.

அத்தையின் நாற்காலியில் கறுப்புக் குடை இருந்தது. நான் எடுப்பதற்குள் சித்தப்பா வந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஓடினார், அப்பா. ஐம்பது வயதில், அந்தச் செங்குத்தான மரப் படியில், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

நான் ஜன்னலுக்குப் போனேன். எதிரே இருந்த பள்ளிக்கூட கேட்டுக்குப் பக்கத்தில் அவர்களைப் பிடித்துவிட்டார். குடையை நீட்டியபடி ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அத்தை குடையை உடனே வாங்கவில்லை. ஒரு டவுன் பஸ் வந்து அவர்களை மறைத்தது. அது போனதும் பார்த்தேன். குடை அத்தை கையில் இருந்தது. மூன்று பேரும் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். மாமா நடுவில். சித்தப்பா வெறுங்காலோடு, இரண்டு அடி தள்ளி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். அத்தை இன்னும் சித்தப்பாவின் போனை எடுப்பதில்லை. மாமாதான் எடுத்து, "இருக்கா, நல்லாருக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். புதன்கிழமை சித்தப்பா வந்து, "பிள்ளைககிட்ட நானே சொல்லிட்டேன்" என்றார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "மூத்தவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. சின்னவ சோறு போட்டா." கிளம்பும்போது, "நீ எழுதணும்னா எழுதிக்கோ. ஊர்ப்பேர் போடாத" என்றார். அத்தையிடம் போனில் கேட்டேன். "எழுது. அண்ணன் பயந்தாங்கொள்ளின்னும் எழுது. கதவை மறிச்சான்னும் எழுது. ரெண்டும் உண்மைதான" என்றாள். எழுதிவிட்டேன்.

உங்கள்மேல் கோபம் தீரவில்லை. ஆனால் அந்த நாற்பது விநாடியை இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். டார்ச்சை ஏன் அணைத்தீர்கள் என்று தெரிகிறது. நோட்டைப் பார்க்கத் தேவையில்லாத வரி உங்களுக்கு அது ஒன்றுதான். மைக்கை ஏன் அவ்வளவு பக்கத்தில் பிடித்தீர்கள் என்றும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து வந்ததும் அம்மா தொட்டியைச் சாய்த்து அடியிலிருந்து அந்தச் செங்கல்லை உருவினாள். கழுவிக் காயவைத்து வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். தூசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. மதியம் வரை தெருதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறும் உட்காருவேன். அதற்கடுத்ததும். அத்தை வந்தால் தட்டவேண்டியிருக்காது. வரத் தோன்றாவிட்டால், நீங்கள் ஏறாத அந்தக் களக்காட்டு பஸ்ஸில் நான் ஏறிப் போய் அவள் வாசலில் நிற்பேன். எனக்குச் சொல்ல இருப்பதை எந்தப் படத்துக்காகவும் வைத்திருக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
முன்வரிசையில் இடது ஓரம், உங்கள் செருப்புக்கு அருகில் உட்கார்ந்திருந்த
உங்கள் மகள்